வாத்துக்குப் பச்சை மீன் போடலாமா?

ஏரிக்கரையிலும் கடலோரத்திலும் வாத்தும் நாட்டுக்கோழியும் வளர்க்கும் சிறு விவசாயிகளுக்கு மிக மலிவாகக் கிடைக்கும் புரதத் தீவனம் மீன். வலையில் சிக்கும் பொடி மீன், விலை போகாத மீன், மீன் சந்தையில் கழித்துப் போடும் தலை, குடல், செவுள் ஆகியவை காசில்லாமலோ சொற்பக் காசுக்கோ கிடைக்கின்றன. நொய்யும் தவிடும் மட்டும் தின்ற வாத்துக்கு இவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் முட்டை கூடுவது உண்மையே. எனவே கிடைத்த மீனை அப்படியே பச்சையாகக் கொட்டி விடும் வழக்கம் பல இடங்களில் உள்ளது.

"அழுகிய மீன்தான் கெடுதல், அப்போதே பிடித்த மீனுக்கு என்ன குறை?" என்பது வாத்து வளர்ப்போரிடம் பொதுவாக உள்ள எண்ணம். அழுகலைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் குடற்புழுக்களைப் பொறுத்தவரை இது தவறு. குளம், ஏரி, ஆறு, கடல் எதில் பிடித்த மீனானாலும் அதன் வயிற்றிலும் சதையிலும் புழுவின் இளம் பருவம் சுருண்டு கிடக்கலாம். மீன் எவ்வளவு புதிதோ, அவ்வளவு உயிரோடு அந்தப் புழுவும் இருக்கும். அதைத் தின்னும் பறவையின் வயிற்றில்தான் அது முதிர்ந்து முட்டையிடும்.

மீன் தின்னும் பறவைகளுக்கு நேர்ந்தது

இதன் கடுமையை அறிய, மீனையே நம்பி வாழும் பறவைகளைக் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டம், மத்தூர் தாலுகாவில் கொக்கரே பெள்ளூர் என்ற கிராமம் இருக்கிறது. ஊருக்குள் உள்ள புளிய மரங்களிலும் அத்தி இன மரங்களிலும் கூழைக்கடாக்களும் நாரைகளும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சத்தை அவ்வூர் விவசாயிகள் எருவாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். கூட்டிலிருந்து தவறி விழும் கூழைக்கடாக் குஞ்சுகளை ஊர் இளைஞர்கள் வேலியிட்ட அடைப்பில் வைத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்கும் பருவத்தில் வெளியே விடுவதும் அங்கு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. இவ்வூர் 2007-ல் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

2017-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அங்கே கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து விழுந்தன. பரிசோதித்ததில் அவற்றின் உடலில் உருண்டைப்புழுக்கள் மிகுந்து காணப்பட்டன. ஆந்திர மாநிலம் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உள்ள தேலிநீலாபுரத்திலும் 2021 டிசம்பர், 2022 ஜனவரி மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கூழைக்கடாக்கள் மடிந்தன. அங்கும் உருண்டைப்புழுவே காரணம் என்று கூறப்பட்டது. பறவைகள் இரை தேடிய மீன் குளங்களின் மீது சந்தேகம் எழுந்தது. துப்பாக்கியோ நஞ்சோ இன்றி, தின்ற மீனே இவ்வளவு பெரிய பறவைகளை வீழ்த்தி விட்டது.

புழு மீனுக்குள் வருவது எப்படி?

கூழைக்கடா, நீர்க்காகம் ஆகியவற்றின் இரைப்பையில் வாழும் முக்கியமான உருண்டைப்புழுவுக்கு கான்ட்ரசீகம் என்று பெயர். இதன் வாழ்க்கை ஒரு சங்கிலி போன்றது. பறவையின் எச்சத்தோடு புழுவின் முட்டைகள் தண்ணீரில் விழுகின்றன. அவற்றிலிருந்து வரும் நுண்ணிய புழுவை, கண்ணுக்குப் புள்ளி போலத் தெரியும் சைக்ளாப்ஸ் போன்ற நீர்ப்பூச்சிகள் தின்கின்றன. பூச்சியைப் பொடி மீன் தின்கிறது. பொடி மீனைப் பெரிய மீன் விழுங்குகிறது. ஒவ்வொரு முறையும் புழு சாகாமல் அடுத்த உடலுக்கு மாறி, மீனின் குடலைச் சுற்றியுள்ள சவ்விலும் ஈரலிலும் சுருண்டு காத்திருக்கிறது. மீனைப் பறவை விழுங்கியதும் இரைப்பைச் சுவரில் தலையைப் புதைத்துக் கொண்டு முதிர்ச்சி அடைகிறது.

வயதான விவசாயிகளுக்குச் சைக்ளாப்ஸ் புதிய பெயர் அல்ல. படிக்கிணற்றுத் தண்ணீரில் இருந்த இதே பூச்சியை விழுங்கியதால்தான் மனிதர்களுக்கு நரம்புச் சிலந்தி நோய் வந்தது. அந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தும், படிக்கிணறுகளை மாற்றிக் கட்டியும், பூச்சியை ஒழித்துமே அது விரட்டப்பட்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் காணப்பட்டார். 2000-ல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்தால் புழு வாழ முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. மீன் புழுவிலும் நாம் அறுக்கக்கூடிய கண்ணி ஒன்று உண்டு. அது தீவனமாகப் போடும் மீன்.

அடைப்பில் உள்ள பறவைக்கு ஆபத்து அதிகம்

வெளியில் திரியும் நல்ல திடமான பறவை வயிற்றில் பல புழுக்களைச் சுமந்து கொண்டும் நலமாக வாழ்வதுண்டு. அடைத்து வளர்க்கும் பறவையின் நிலை வேறு. ஒரே குளத்து மீன் நாள் தவறாமல் அதற்குக் கிடைக்கிறது. அக்குளத்து மீனில் புழு இருந்தால் வேளைக்கு வேளை புழு சேர்ந்து கொண்டே போகும். நெருக்கடியும் அச்சமும் பறவையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. அதிலும் குஞ்சு, காயம்பட்ட பறவை, இளைத்த பறவை ஆகியவை புழுவைத் தாங்கா. இரைப்பையில் புண் ஏற்பட்டு, தின்றதைக் கக்கி, எலும்பும் தோலுமாகி மடியும்.

இந்த ஆபத்தை உணர்ந்தே, கூழைக்கடா, பென்குயின் முதலிய பறவைகளை வளர்க்கும் நல்ல மிருகக்காட்சி சாலைகளில் மனிதர் உண்ணும் தரமுள்ள மீனை வாங்கி, கடுங்குளிரில் கட்டியாக உறைய வைத்து, பிறகு இளக்கிக் கொடுக்கின்றனர். உறைந்த மீனில் புழு செத்து விடுகிறது. ஆனால் உறைநிலையில் இருக்கும்போது மீனில் உள்ள பி-1 வைட்டமின் குறைந்து விடும். எனவே கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் வரை பி-1 வைட்டமினை மாத்திரையாக மீனின் செவுளுக்குள் வைத்துக் கொடுப்பார்கள். 2000 ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே எண்ணெய்க் கப்பல் மூழ்கியபோது, எண்ணெய் படிந்த சுமார் 19 ஆயிரம் பென்குயின்களைப் பிடித்துக் கழுவி, கையால் மீன் ஊட்டிப் பிழைக்க வைத்தனர். இப்படி ஆயிரக்கணக்கில் அடைத்து ஊட்டும் இடத்தில் தீவன மீனின் தரமே பாதி வைத்தியம்.

வாத்துக்கும் கோழிக்கும் வரும் புழுக்கள்

கூழைக்கடாவின் புழு அப்படியே வாத்தைத் தாக்கும் என்று கொள்ள வேண்டாம். வாத்துக்கென்று வேறு புழுக்கள் உள்ளன. அவை வரும் வழி மட்டும் ஒன்றே.

தட்டைப்புழு: எக்கினோஸ்டோமா என்ற வகை முக்கியமானது. நத்தை, தவளைக் குஞ்சு, மீனின் செவுள் ஆகியவற்றில் இதன் இளம் பருவம் உறை போர்த்திக் கிடக்கும். வாத்தின் பின்குடலில் ஒட்டிக் கொண்டு கழிச்சலையும் மெலிவையும் உண்டாக்கும். வாத்துக் குஞ்சுகளில் சாவும் ஏற்படும்.

சிவப்பு உருண்டைப்புழு: யூஸ்ட்ராங்கிலைடஸ் என்று பெயர். சேற்றுப் புழுவிலிருந்து மீனுக்கு வரும். விரால், குறவை போன்ற சேற்று மீன்களின் வயிற்றிலும் சதையிலும் சிவப்பு நூல் சுருண்டாற்போலக் கண்ணுக்கே தெரியும். கொக்கு, நாரை இனங்களில் இரைப்பையைத் துளைத்துக் கொன்று விடும். வாத்துகளையும் தாக்கும்.

நாடாப்புழு: கெண்டை இன மீன்களின் வயிறு உப்பி, கீறினால் வெள்ளை ரிப்பன் போல அரை அடிக்கு மேல் நீளமான புழு வெளிப்படுவதுண்டு. இது லிகுலா. நீர்ப்பறவையின் குடலில் சில நாட்களிலேயே முதிர்ந்து, முட்டைகளைத் தண்ணீரில் பரப்பி விடும். பறவைக்கு உண்டாகும் கேட்டைவிட, வளர்ச்சி குன்றும் மீனால் குளத்துக்காரருக்கு நேரும் நட்டமே பெரிது.

நாத்தோஸ்டோமா: இதன் இளம் புழு விரால், விலாங்கு போன்ற மீன்களில் இருக்கும். பச்சை மீன் குடலைத் தின்னும் பூனை, நாய்களின் இரைப்பையில் முதிரும். கோழி தின்றால் முதிராமல் அதன் சதையில் தங்கி விடும். அந்தக் கோழியையோ மீனையோ அரைவேக்காடாக உண்ணும் மனிதரின் தோலுக்கடியில் இப்புழு ஊர்ந்து வீக்கம் உண்டாக்கும். நன்றாகக் கொதித்த குழம்பில் இந்த அச்சம் இல்லை.

ஐஸில் வைத்தால் புழு சாகுமா?

சாகாது. பெட்டியில் ஐஸ் போட்டு வைத்த மீனின் உஷ்ணம் பூஜ்ஜியம் டிகிரி அளவிலேயே இருக்கும். மீன் கெடாமல் இருக்க அது போதும். புழுவைக் கொல்ல அது போதாது. கடல் மீன்களில் உள்ள சில புழுக்கள், மீன் செத்த பிறகு குடலிலிருந்து சதைக்குள் நகர்ந்து விடுவதும் உண்டு. மீனைப் பிடித்ததும் குடலை நீக்கி விடுவது இதனால்தான் நல்லது.

குளிரால் கொல்ல வேண்டுமானால், மீனின் நடுப்பகுதி வரை பூஜ்ஜியத்திற்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேடில் 7 நாட்கள் இருக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் பெரும்பாலும் இந்தக் குளிர் கிடைப்பதில்லை. மின்சாரம் நின்று வரும் ஊர்களில் அதை நம்பவே முடியாது.

லேசாக உப்புப் போட்டு வைப்பதும், உப்பும் மஞ்சளும் தடவி வைப்பதும் நம்பத் தக்கவை அல்ல. ஒடித்தால் ஒடியும்படி காய்ந்த கருவாட்டில் பெரும்பாலும் புழு உயிரோடு இராது. ஆனால் அதில் உப்பு மிகும். வாத்து, கோழித் தீவனத்தில் மொத்த உப்பு அரை சதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குஞ்சுகள் தாகமெடுத்துச் சாகும். உப்பிடாமல் உலர்த்திய மீனே தீவனத்துக்கு ஏற்றது.

சூடு ஒன்றே சிறு விவசாயியின் கைக்கு எட்டும் நிச்சயமான வழி. மீனின் நடுப்பகுதியில் 60 டிகிரி சூடு ஒரு நிமிடம் இருந்தாலே புழு செத்து விடும். கொதிக்கும் தண்ணீரின் சூடு 100 டிகிரி என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

வேக வைக்கும் முறை

1. மீன் கழிவை அன்றன்றே வாங்க வேண்டும். நாற்றம் எடுத்ததையும் புழுத்ததையும் வேக வைத்தும் கொடுக்கக் கூடாது. அழுகிய மீனில் உண்டாகும் நஞ்சினால் வாத்தின் கழுத்து துவண்டு தொங்கி, ஓரிரு நாளில் இறந்து விடும்.

2. பெரிய தலைகளையும் துண்டங்களையும் இரண்டாகவோ நான்காகவோ வெட்டிக் கொள்ள வேண்டும். முழுத் தலையின் நடுவில் சூடு ஏறத் தாமதமாகும்.

3. மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கொதி வந்த பின் 20 நிமிடம் கொதிக்க விட வேண்டும். ஒருமுறை கிளறி விட வேண்டும். தோட்டத்து முள் விறகே இதற்குப் போதும்.

4. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல், நொய்யையும் தவிட்டையும் அதிலேயே பிசைந்து, ஆறிய பின் கொடுக்கலாம். மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

5. பச்சை மீன் அறுத்த கத்தி, பலகை, கூடை ஆகியவற்றை வெந்நீரில் கழுவிய பின்பே வெந்த தீவனத்துக்குப் பயன்படுத்த வேண்டும்.

6. உலர்ந்த மீன் கணக்கில், மொத்தத் தீவனத்தில் 10 சதத்துக்கு மேல் மீன் வேண்டாம். மிகுந்தால் முட்டையில் மீன் வாடை அடிக்கும்.

வேக வைப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. கெண்டை, நெத்திலி உள்ளிட்ட சில மீன்களில் பி-1 வைட்டமினை அழிக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. இவற்றைப் பச்சையாகவே தொடர்ந்து தின்னும் பறவை கால் தளர்ந்து, தலையைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்த்தபடி விழும். சூட்டில் அந்தப் பொருள் அழிந்து விடுகிறது.

நத்தையையும் இதே போல் நசுக்கி வேக வைத்துக் கொடுக்க வேண்டும். அறுவடையான வயலில் மேயும் வாத்துகள் நத்தையையும் பொடி மீனையும் தாமே பொறுக்கித் தின்னும். அதை முழுவதும் தடுக்க இயலாது. ஆனால் குஞ்சுகளையாவது சில வாரங்கள் தேங்கிய குட்டைகளில் விடாமல் வளர்க்கலாம். திறந்தவெளி மேய்ச்சல் வாத்துகளின் எச்சத்தை அவ்வப்போது பரிசோதிக்கலாம்.

நோய்க்குறிகளும் சிகிச்சையும்

நன்றாகத் தின்றும் எடை குறைதல், மார்பெலும்பு துருத்துதல், பச்சை நிற அல்லது சளி கலந்த கழிச்சல், முட்டை குறைதல், தின்றதைக் கக்குதல், குஞ்சுகள் ஓரிடத்தில் ஒடுங்கி நிற்றல் ஆகியவை புழு மிகுந்ததற்கு அறிகுறிகள். வேறு நோய்களிலும் இக்குறிகள் உண்டு. எனவே காலையில் விழும் புதிய எச்சத்தைப் பல வாத்துகளிலிருந்து சிறிது சிறிதாகச் சுத்தமான டப்பாவில் எடுத்து, அன்றே கால்நடை மருந்தகத்தில் காட்டிப் பரிசோதிக்க வேண்டும்.

எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து என்பது கிடையாது. கடையில் எளிதாகக் கிடைக்கும் பைப்பரசின், கோழியின் சிறுகுடற் புழுவான உருண்டைப்புழுவுக்குப் பயன்படும். தட்டைப்புழுவையும் நாடாப்புழுவையும் அது தொடாது. எந்தப் புழு என்று தெரிந்து கொண்டு, மருத்துவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக் கொள்ள வேண்டும். பச்சை மீனை நிறுத்தாமல் மருந்து மட்டும் கொடுத்தால் சில வாரங்களில் பழைய நிலையே திரும்பும்.

ஒரே நேரத்தில் பல பறவைகள் இறந்தால் புழுவென்று முடிவு கட்டி வீட்டில் கீறிப் பார்க்கக் கூடாது. பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

மீன் குளத்தில் வாத்து வளர்ப்போருக்கு

குளத்தின் மேல் வாத்துக் கொட்டகை அமைத்து, எச்சத்தை மீனுக்கு உரமாக்கும் கூட்டுப் பண்ணை நல்ல இலாபம் தரும். ஹெக்டேருக்கு 200 முதல் 300 வாத்துகள் வரை விடலாம். ஆனால் வாத்தின் எச்சத்தில் உள்ள புழு முட்டையும், மீனும், நத்தையும் ஒரே தண்ணீரில் இருப்பதால் சங்கிலி சுற்ற வசதியான இடமும் இதுவே. ஆகவே குளத்தில் இறக்கும் முன்பே வாத்துகளின் எச்சத்தைப் பரிசோதித்து, தேவையானால் புழு நீக்கம் செய்ய வேண்டும். மீன் குஞ்சுகளை 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த பிறகே விட வேண்டும். அதற்குக் குறைந்தால் வாத்து விழுங்கி விடும். இதனால் மீனும் நட்டம், புழுவும் சேரும்.

மீன் பிடித்து முடிந்ததும் குளத்தை வற்றவிட்டு, அடிமண் வெடிக்கும் வரை காய விடுவது நீர்ப்பூச்சிகளையும் சிறு நத்தைகளையும் ஒழிக்கும். பெரிய நத்தைகள் மண்ணுக்குள் புதைந்து பிழைத்துக் கொள்ளும். அவற்றைப் பொறுக்கி அகற்ற வேண்டும். மீன் அறுத்த குடலைக் குளத்திலோ வாய்க்காலிலோ வீசக் கூடாது. ஆழமாகப் புதைக்கலாம், இல்லையேல் வேக வைத்துத் தீவனமாக்கலாம்.

நீர்க்காகமும் கூழைக்கடாவும் புழு கொண்டு வருகின்றன என்று அவற்றைப் பகைப்பது தவறு. செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலில் ஏரிப் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த விவசாயிகள், 1798-லேயே ஆங்கிலேய அதிகாரியிடம் பறவைகளைக் காக்கும் ஆணையைப் பெற்றனர். மீன் வளர்க்கும் குளத்துக்கு மேலே கயிறோ வலையோ கட்டி அவற்றை விலக்கினாலே போதும்.

கூட்டிலிருந்து விழுந்த நீர்ப்பறவைக் குஞ்சைக் கண்டால் வீட்டில் வைத்து வளர்க்க முயல வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும் ஆகும். நிழலில் வைத்து வனத்துறைக்குத் தகவல் தர வேண்டும். இரக்கத்தால் ஊட்டும் பச்சை மீனே இளைத்த குஞ்சுக்கு எமனாகலாம்.

மீன் நல்ல தீவனம். அதைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு சட்டித் தண்ணீரும் அரை மணி நேர விறகும் செலவிட்டால், அதே மீன் புழுவின்றி வாத்துக்குப் புரதமாகச் சேரும். பச்சை மீன் போடும் வழக்கத்தை விட்டு, வேக வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை விவசாயிகள் மேற்கொண்டால், குஞ்சுச் சாவு குறைந்து முட்டை வருமானம் நிலைத்து நிற்கும்.